63, 41, அப்புறம்?

தோழி ஒருத்தி ஒரு தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். அதில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று எண்கள். அம்மா 63. அண்ணன் 41. மூன்றாவதாக அவளுடைய மகளின் பெயர், அதற்கு எதிரே 19. அந்த 19-ஐச் சுற்றி இரண்டு மூன்று முறை வட்டம் போட்டிருந்தாள். ஓரிடத்தில் பேனா தாளைக் குத்திக் கிழித்திருந்தது.

அவர்கள் குடும்பத்தில் ஒரு மரபுநோய் உண்டு. என்ன நோய் என்று எழுத வேண்டாம் என்றாள், எழுதவில்லை. நடுவயதிலோ முதுமையிலோ தொடங்கி நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய். தடுக்க இப்போதைக்கு மருந்து கிடையாது. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணு மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்து சேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மாவுக்கு 63 வயதில் தொடங்கியது, அண்ணனுக்கு 41-ல். இவளும் பரிசோதனை செய்துகொண்டாள். இருக்கிறது. இப்போது 36 வயது, அறிகுறி எதுவும் இல்லை. மகளுக்கு 9. பெரியவர்களான பிறகே வரும், சிகிச்சையும் இல்லாத நோய்களுக்குச் சிறு பிள்ளைகளைப் பரிசோதிப்பதில்லை என்பது மரபணு மருத்துவத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் வழக்கம். வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளையே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதனால் மகளைப் பற்றி எதுவும் தெரியாது.

போன் செய்தேன்.

"63-ல இருந்து 41. இருபத்திரண்டு வருஷம் முன்னால வந்திருக்கு. இன்னொரு இருபத்திரண்டைக் கழிச்சா 19. கணக்கு சரிதானே?"

கழித்தல் சரிதான். அவளிடம் யாரோ ஒரு மருத்துவர், போகிற போக்கில், "சில மரபுநோய்கள் தலைமுறைக்குத் தலைமுறை சீக்கிரமாக வரும்" என்று சொல்லியிருக்கிறார். சொன்னது பொய்யும் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இவள் இரண்டு வருடமாகத் தூங்காமல் இருந்திருக்கிறாள்.

நான் மருத்துவன் இல்லை. தரவுகளோடு மல்லுக்கட்டிப் பிழைப்பவன். எனக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டே புள்ளிகள் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் கோடு போடலாம் என்பதுதான். அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "நோய் வந்தவங்களை மட்டும் எழுதியிருக்கே. வராதவங்க எங்கே?" அம்மா வழியில் எல்லாருடைய பிறந்த வருடத்தையும், இறந்த வருடத்தையும், எதனால் இறந்தார்கள் என்பதையும் கேட்டு எழுதச் சொன்னேன். அவள் அந்த வேலையில் இறங்கினாள். நான் படிக்க உட்கார்ந்தேன்.

தலைமுறைதோறும் நோய் முன்கூட்டியே வருவதற்கு மரபியலில் ‘ஆன்டிசிபேஷன்’ என்று பெயர். இந்தப் பெயருக்குக் கொஞ்சம் அழுக்கான வரலாறு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில், குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சீரழிந்துகொண்டே போகும் என்றொரு நம்பிக்கை ஐரோப்பிய மருத்துவர்களிடம் வலுவாக இருந்தது. தாத்தா குடிகாரர், மகன் பித்தன், பேரன் மூளை வளர்ச்சியற்றவன், அதோடு வம்சம் முடிந்தது என்கிற மாதிரி. 1910 வாக்கில் லண்டன் மனநோய் விடுதிகளுக்கான நோயியலாளர் ஃப்ரெடரிக் மாட் இதற்கு எண்கள் கொடுத்தார். பெற்றோரும் பிள்ளையுமாக விடுதியில் சேர்க்கப்பட்டவர்களின் பதிவுகளைத் திரட்டினார். பெற்றோரைவிடப் பிள்ளைகளுக்கு வெகு முன்னதாகவே நோய் தொடங்கியிருந்தது. பழுதான வம்சத்தை இயற்கை தானே முடித்துவைக்கும் வழி என்று அதற்கு விளக்கமும் சொன்னார்.

1912-ல் ‘நேச்சர்’ இதழில் கார்ல் பியர்சன் இந்தக் கணக்கில் உள்ள ஓட்டையைக் காட்டினார். இன்று விடுதியில் இருக்கும் பிள்ளைகளில், வயதான பிறகு நோய் வரப்போகிறவர்கள் இன்னும் அந்த வயதை எட்டவே இல்லையே, அவர்கள் எப்படிப் பட்டியலில் இருப்பார்கள்? இளம் வயதிலேயே நோய் வந்தவர்களில் பலர் கல்யாணமே செய்திருக்க மாட்டார்கள், பிறகு எப்படிப் ‘பெற்றோர்’ பட்டியலில் வருவார்கள்? இதைச் சொன்ன பியர்சன் மனித இனத்தைத் ‘தரம் பிரிக்க’ நினைத்த யூஜெனிக்ஸ் கூட்டத்தின் முக்கியப் புள்ளி. அவருக்கே இந்தக் கணக்கு பொறுக்கவில்லை என்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

படித்தால் புரிகிற மாதிரிதான் இருக்கும், ஆனால் இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பது கணக்குப் போட்டுப் பார்க்காமல் உறைக்காது. எனக்கு உறைக்கவில்லை. கொஞ்சம் பிசகும், இரண்டு மூன்று வருட வித்தியாசம் காட்டும், திருத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். எக்செலைத் திறந்தேன். அப்புறம் பார்த்தால் எக்செலே தேவைப்படவில்லை, காகிதமும் பேனாவும் போதும்.

இப்படி ஒரு நோயை வைத்துக்கொள்வோம். 30 வயதிலிருந்து 80 வயதுக்குள் எந்த வயதிலும் சமமான வாய்ப்போடு தொடங்கும். சராசரி 55. பாட்டிக்கும் இதே, பேத்திக்கும் இதே, தலைமுறை மாறினாலும் எதுவும் மாறாது. அம்மாக்கள் எல்லாரும் 1930-ல் பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லாரும் 1960-ல். நோய் வருவதற்கு முன் வேறு எதிலும் யாரும் சாகவில்லை என்று எளிமையாக்கிக்கொள்வோம். இந்த நோய்க்கான பதிவேடு 1990-ல் தொடங்கி 2020-ல் முடிகிறது.

1990-ல் அம்மாக்களுக்கு 60 வயது. 30-லிருந்து 60-க்குள் நோய் வந்த அம்மாக்கள் பதிவேடு திறப்பதற்கு முன்பே நோயில் விழுந்தவர்கள். அவர்கள் இதில் இல்லை. மிஞ்சியவர்களுக்கு 60-க்கும் 80-க்கும் இடையில் வருகிறது, சராசரி 70. பிள்ளைகள் பக்கம் வாருங்கள். 2020-ல் அவர்களுக்கு 60 வயது. 30-க்கும் 60-க்கும் இடையில் வந்தவர்கள்தான் பதிவேட்டில் இருப்பார்கள், சராசரி 45. அம்மாவுக்கு 70, பிள்ளைக்கு 45. ஒரே தலைமுறையில் 25 வருடம் முன்னால் வந்துவிட்டது நோய். மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இன்னும் கொஞ்சம் போனேன். அம்மாவும் பிள்ளையும் நோய்க்கு ஆளாகப்போகும் 100 ஜோடிகளை எடுத்துக்கொண்டால், இருவருமே பதிவேட்டுக்குள் வருவது 24 ஜோடிகள்தான். நூற்றுக்கு 40 அம்மாக்கள், 60 பிள்ளைகள், பெருக்கினால் 24. மீதி 76 ஜோடிகள் ஆய்வாளரின் கண்ணிலேயே படுவதில்லை. கண்ணில் பட்ட 24-ல், ஒரே ஒரு ஜோடியில்கூடப் பிள்ளைக்கு அம்மாவைவிடத் தாமதமாக வந்திருக்க முடியாது. அம்மா எப்போதும் 60-க்கு மேல், பிள்ளை எப்போதும் 60-க்குக் கீழ். நூற்றுக்கு நூறு! இதைப் பார்க்கிற எந்த ஆய்வாளருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். இவ்வளவு சுத்தமான முடிவு உயிரியலில் எங்கே கிடைக்கிறது? (கிடைக்காது. அதுவே சந்தேகப்பட ஒரு காரணம்.)

பதிவேட்டை 1960 முதல் 2040 வரை, அதாவது 80 வருடம் திறந்து வைத்தால் இந்த வித்தியாசம் பூஜ்ஜியமாகிவிடும். 80 வருடம் ஒரே பதிவேட்டைப் பராமரிக்க எந்த ஆய்வாளருக்கும் ஆயுசு போதாது. மானியமும் கிடைக்காது.

இதே மாயத்தை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். நோய் தொடங்கிய வயதோடு பிறந்த வருடத்தைக் கூட்டினால் நோய் தொடங்கிய வருடம் வரும். எல்லாரும் ஏறக்குறைய ஒரே காலத்தில், 2015-ஐ ஒட்டி, கண்டுபிடிக்கப்பட்டவர்கள் என்றால் 1940-ல் பிறந்தவருக்கு 75, 1980-ல் பிறந்தவருக்கு 35 என்றுதான் வந்தாக வேண்டும். பின்னால் பிறந்தவர்களுக்கு முன்னால் வருகிறது என்று வரைபடம் அழகாகச் சரியும். அந்தச் சரிவு நோயின் குணம் அல்ல. கழித்தல் கணக்கின் குணம்.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கால்டன் பேராசிரியராக இருந்த லயனல் பென்ரோஸ் 1948-ல் இதையெல்லாம் ஒழுங்காக எழுதிவைத்தார். அவர் எடுத்துக்கொண்டது மயோடானிக் டிஸ்ட்ரோஃபி என்ற தசைநோய். ஜூலியா பெல் அதற்குச் சற்று முன்பு அந்த நோயுள்ள குடும்பங்களின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டிருந்தார். பென்ரோஸ் சொன்னவற்றின் சாரம் இது. சின்ன வயதிலேயே கடுமையாக நோய் வந்தவர்கள் பிள்ளை பெறுவது குறைவு, அதனால் ‘பெற்றோர்’ என்ற வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் தாமதமாக நோய் வந்தவர்களாகவே இருப்பார்கள். பிள்ளைகளில் சீக்கிரம் வந்தவர்கள்தான் மருத்துவரின் கண்ணில் படுவார்கள். அதோடு, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஒரே சமயத்தில் நோய் தென்படுகிற குடும்பங்கள்தான் பளிச்சென்று கவனத்தை ஈர்க்கும். ஒரே சமயம் என்றாலே பிள்ளைக்கு வயது குறைவு என்று அர்த்தமாகிறதே.

பென்ரோஸ் யூஜெனிக்ஸை எதிர்த்தவர். தான் நடத்திய ‘ஆனல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ்’ இதழின் பெயரை 1954-ல் ‘ஆனல்ஸ் ஆஃப் ஹியூமன் ஜெனெடிக்ஸ்’ என்று மாற்றியவர். வம்சம் அழுகிக்கொண்டே போகும் என்ற கதை அவருக்குக் கணக்கிலும் பிடிக்கவில்லை, மனதிலும் பிடிக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் எழுதிய பிறகு ஏறக்குறைய நாற்பது வருடம் ஆன்டிசிபேஷன் என்று பேசுகிற ஆளைக் கொஞ்சம் விவரம் போதாதவராகத்தான் மரபியலில் பார்த்தார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் உடனே தோழிக்குப் போன் போட்டு நிம்மதியாக இரு என்று சொல்லியிருப்பேன். முடியவில்லை. அதே மயோடானிக் டிஸ்ட்ரோஃபியில்தான் பென்ரோஸின் முடிவு கவிழ்ந்தது.

அந்த நோயைப் பார்க்கிற மருத்துவர்களுக்கு வெகுகாலமாகவே ஒரு காட்சி பழக்கம். தாத்தாவுக்குக் கண்புரை மட்டும். மகளுக்கு நடுவயதில் தசை பலவீனம், பிடித்த கையை விட முடியாத இறுக்கம். பேரக்குழந்தை பிறக்கும்போதே துவண்டு, மூச்சுவிடத் திணறிப் பிறக்கிறது. கண்புரைக்காரர்களிடமிருந்து இந்தக் குடும்பங்கள் கிளைப்பதை ஃப்ளைஷர் என்ற கண் மருத்துவர் 1918-லேயே எழுதிவிட்டார். 1989-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹாவலரும் சகாக்களும், பென்ரோஸ் சொன்ன சாய்வுகளுக்கு இடம் கொடுக்காமல் குடும்பங்களை முழுசாகத் தேடிப் பரிசோதித்து, அப்படியும் நோய் முன்னால் வருகிறது என்று காட்டினார்கள். 1992-ல் காரணமே கையில் கிடைத்தது. 19-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் மூன்றெழுத்துத் துணுக்கு ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. சாதாரணமாக அதிகம் போனால் முப்பத்துச் சொச்சம் முறை. நோயுள்ளவர்களுக்கு 50-க்கு மேல், சிலருக்கு ஆயிரங்களில். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது அது நீள்கிறது. நீள நீள நோய் முன்னால் வருகிறது, கடுமையும் கூடுகிறது. 1993-ல் ஹண்டிங்டன் நோயிலும் இதே மாதிரியான துணுக்கு அகப்பட்டது. அங்கே அப்பா வழியாக வரும்போது நீள்வது அதிகம்.

எனக்கு இந்த இடத்தில் பென்ரோஸ் மேல் கோபம் வரவில்லை. அவர் காட்டிய சாய்வுகள் ஒவ்வொன்றும் உண்மை. அவற்றால் எவ்வளவு பெரிய பொய்யும் உருவாக முடியும் என்பதும் உண்மை. ஆனால் பொய்யாக உருவாக முடியும் என்பதாலேயே இது பொய் என்று ஆகிவிடாதே. அந்தக் கடைசி அடியைத்தான் எல்லாரும் அவரைச் சாக்காக வைத்துத் தாண்டிவிட்டார்கள். குழந்தையைக் கையில் வைத்திருந்த தாய்மார்களும் அவர்களைப் பார்த்த மருத்துவர்களும் சொன்னதைப் புள்ளியியல் நாற்பது வருடம் காதில் வாங்கவில்லை.

1992-க்குப் பிறகு ஊசல் மறுபக்கம் ஆடியது. ஒரு நோயில் நிஜம் என்று தெரிந்ததும் எல்லா நோயிலும் ஆன்டிசிபேஷனைத் தேட ஆரம்பித்தார்கள், தேடினால் கிடைக்கவும் செய்தது. மேலே போட்ட காகிதக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ப்ரியான் நோயை எடுத்துக்கொள்வோம். மூளையில் இயல்பாக உள்ள ஒரு புரதம் உருக்குலைந்து, அந்த உருக்குலைவு பக்கத்துப் புரதங்களுக்கும் பரவுகிற நோய். கிரட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் என்ற வடிவத்தில் சில குடும்பங்களில் மரபாக வருகிறது. அதற்குக் காரணமான ‘இ200கே’ என்ற மாற்றத்தில் நோய் தலைமுறைதோறும் முன்னால் வருவதாக மூன்று தனித்தனி ஆய்வுகள் சொல்லின.

2014-ல் எரிக் மினிகெல், சோனியா வல்லப் உள்ளிட்ட ஒரு குழு இதை மறுபடி ஆராய்ந்தது. வல்லபின் தாய் 2010-ல் இறந்தது, தூக்கத்தையே கெடுத்து உயிரைக் குடிக்கிற மரபு ப்ரியான் நோயால். மறு வருடம் பரிசோதித்ததில் அந்த மாற்றம் வல்லபுக்கும் இருப்பது தெரிந்தது. அவர் சட்டம் படித்தவர், கணவர் மினிகெல் போக்குவரத்துத் திட்டமிடல் துறையில் இருந்தவர். இருவரும் வேலையை விட்டு உயிரியலுக்கு மாறினார்கள். அந்த ஆய்வுத்தாளைப் படிக்கும்போது இந்த விவரம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. தலைமுறைக்குத் தலைமுறை சீக்கிரம் வருமா என்பது அவர்களுக்குத் தாளில் எழுதுகிற கேள்வி மட்டும் அல்ல.

இ200கே முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதே 1989-ல். அதற்கு முன் நாற்பது வயதில் ஒருவர் நினைவு தப்பி, தள்ளாடி, சில மாதங்களில் இறந்திருந்தால் அதைப் பைத்தியம் என்றோ மூளைக் காய்ச்சல் என்றோ எழுதி மூடியிருக்கக்கூடும். ஆக, ஜன்னல் திறந்ததே அப்போதுதான். பழைய தலைமுறையில் தாமதமாக வந்தவர்களும் புதிய தலைமுறையில் முந்தி வந்தவர்களும் மட்டுமே அதன் வழியாகத் தெரிகிறார்கள். தரவில் ஆன்டிசிபேஷன் தெரியத்தான் செய்தது. ஆனால் அதைத் தேர்வுச் சாய்வே உண்டாக்கிவிடும் என்று அந்தக் குழு காட்டியது. இந்த மாற்றம் ஒரே ஓர் எழுத்து வேறோர் எழுத்தாக மாறியது. மயோடானிக் டிஸ்ட்ரோஃபியில்போல நீண்டுகொண்டே போக அதில் எதுவும் இல்லை.

அடுத்த முறை பேசும்போது தோழியிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான். "உங்க வீட்டு நோய்ல இருக்கிறது எந்த மாதிரி மாற்றம்? திரும்பத் திரும்ப வந்து நீள்ற வகையா, ஒரு எழுத்து மட்டும் மாறுறதா?" மரபணு ஆலோசகரிடம் கேட்டுச் சொன்னாள். ஒரு எழுத்து.

சரி, தொடங்கிய வயது என்கிறோமே, அதை யார் எழுதினார்கள்? இதுவும் ஒரு தலைவலி. அவள் அம்மாவுக்கு 63-ல் ‘தொடங்கியது’ என்றால் 63-ல் நோய்க்குப் பெயர் கிடைத்தது என்று அர்த்தம். அதற்கு முன் நாலைந்து வருடம் கை தடுமாறியதையும், எரிந்து விழுந்ததையும் வயதாகிறது, வேலைப் பளு என்று விட்டிருக்கிறார்கள். அண்ணனுக்கு அப்படியில்லை. வீடே அவரைக் கவனித்துக்கொண்டிருந்தது. ஒரு தம்ளர் கைதவறி விழுந்த அன்றே எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று சொன்னாள். அடுத்த மாதமே ஸ்கேன். அம்மாவின் 63 ஒரு தேதி, அண்ணனின் 41 வேறு வகைத் தேதி. இரண்டையும் கழித்தால் வருகிற 22-ல், வீட்டார் அண்ணனை அன்றாடம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததும் சில வருடங்களாகக் கலந்திருக்கிறது.

வராதவர்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதற்கு ஒரு உதாரணம். மூன்று மணி நேரத் தேர்வு. ஒரு மணி நேரம் ஆனதும் வாசலில் நின்றுகொண்டு, வெளியே வந்தவர்களிடம் எவ்வளவு நேரத்தில் எழுதி முடித்தாய் என்று கேட்டுச் சராசரி எடுக்கிறோம். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம் போல என்று தோன்றும். உள்ளே இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் நூறு பேரையும் ‘குறைந்தது ஒரு மணி நேரம்’ என்று சேர்த்தால்தான் கணக்கு நேராகும். 1958-ல் கப்லானும் மையரும் கொடுத்த முறை இதைத்தான் செய்கிறது. ‘50 வயது வரை வரவில்லை, அதற்குப் பிறகு தெரியாது’ என்பதை அரைகுறைத் தகவல் என்று தூக்கிப் போடாமல், அந்த ஐம்பது வருடத்துக்கு உரிய எடையைக் கொடுத்து எடுத்துக்கொள்கிறது. ஹண்டிங்டன் நோயில் துணுக்கின் நீளத்தை வைத்துத் தொடங்கும் வயதைக் கணிக்கப் பரவலாகப் பயன்படும் 2004-ஆம் ஆண்டுச் சூத்திரம் 40 மையங்களிலிருந்து 2,913 பேரின் தரவில் உருவானது. அதில் நோய் வந்தவர்களோடு இன்னும் வராதவர்களும் இருந்தார்கள். வந்தவர்களை மட்டும் வைத்துச் செய்த கணிப்புகள் வயதைக் குறைத்தே காட்டும்.

இதே சாய்வு வயதில் மட்டும் நிற்பதில்லை, நோய் வருமா என்பதிலேயே விளையாடுகிறது. பி.ஆர்.சி.ஏ. என்ற பெயருள்ள இரண்டு மரபணுக்களில் மாற்றம் உள்ள பெண்களுக்கு 70 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 80 சதவீதத்துக்கு மேல் என்று 90-களில் சொன்னார்கள். அந்த மரபணுக்களைத் தேடும்போது, நோயாளிகள் நிறைய இருந்த குடும்பங்களைத்தான் பொறுக்கியெடுத்திருந்தார்கள். 1997-ல் வாஷிங்டன் வட்டாரத்து யூத சமூகத்தில் ஐயாயிரத்துச் சொச்சம் தன்னார்வலர்களை எடுத்துக் கணித்தபோது 56 சதவீதம் வந்தது. 2003-ல் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் முதல் மரபணுவுக்கு 65, இரண்டாவதுக்கு 45. 2017-ல், நோய் வராத பெண்களை முன்னோக்கித் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 80 வயதுக்குள் 72, 69 என்றது. எண் இறங்கிக்கொண்டே போகும் என்று நினைத்தவர்களுக்கு அது ஏமாற்றம்தான். சாய்வை நீக்கினால் எப்போதும் நல்ல செய்திதான் வரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

இரும்புச்சத்து உடலில் சேர்ந்துகொண்டே போகும் ஹீமோகுரோமட்டோசிஸ் கதை இன்னும் தலைகீழ். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்தால் அந்த மரபணு மாற்றம் இரட்டையாக இருந்தாலே நோய் நிச்சயம் போலத் தோன்றும். சான் டியேகோவில் 41,038 பேரைப் பரிசோதித்து 2002-ல் வெளியிட்டார்கள். இரட்டை மாற்றம் உள்ளவர்கள் 152 பேர். முழுமையான நோயாக அது வெளிப்படுவது அவர்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு என்று கணித்தார்கள். ப்ரியானிலும் 2016-ல் இப்படி ஒன்று. நோய்க்குக் காரணம் என்று அதுவரை சொல்லப்பட்ட மாற்றங்களைப் பெரிய பொதுமக்கள் தரவுத்தொகுப்புகளில் தேடிப் பார்த்தால், நோயின் எண்ணிக்கையை வைத்து எதிர்பார்ப்பதைவிடக் குறைந்தது 30 மடங்கு அதிகம் பேரிடம் அவை இருந்தன. சில மாற்றங்கள் அநேகமாக ஒன்றும் செய்யாதவை. சில, ஏற்கனவே பயந்த அளவுக்கே பயங்கரமானவை.

மூன்று வாரம் கழித்துத் தோழியின் தாள் வந்தது. இந்த முறை பெரிய சார்ட் பேப்பர்.

பாட்டி 52 வயதில் மாரடைப்பில் இறந்தவர். நோய் வந்ததா, இருந்திருந்தால் வந்திருக்குமா என்று எதுவும் சொல்ல முடியாது. அம்மாவின் அண்ணன், இவளுக்குப் பெரிய மாமா, 78 வயது, திடமாக இருக்கிறார். பரிசோதனை செய்துகொண்டதில்லை, செய்துகொள்ள விருப்பமும் இல்லை. அதனால் அவரை வெறும் பாதி வாய்ப்பாகத்தான் வைக்க முடியும் என்று நினைத்தேன். ஆனால் அவர் மகள் பரிசோதனை செய்திருக்கிறாள், 45 வயது, அவளுக்கு மாற்றம் இருக்கிறது. அத்தை வழியில் அது வர வழியில்லை. அப்படியானால் மாமாவுக்கும் இருந்தாக வேண்டும். அதாவது, அந்த மரபணுவைச் சுமந்துகொண்டு 78 வருடம் அறிகுறியே இல்லாமல் ஒருவர் அந்தக் குடும்பத்தில் உட்கார்ந்திருக்கிறார். தோழியின் முதல் தாளில் அவர் பெயர் இல்லை. நோய் வரவில்லையே, எதற்கு எழுத வேண்டும் என்று நினைத்தாளாம். (தனக்கு இருப்பது மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். மகள் சொல்லவில்லையாம். பரிசோதனையே வேண்டாம் என்று முடிவு செய்தவருக்கு அடுத்தவர் பரிசோதனை வழியாக முடிவு வந்து நிற்கிறது. அது வேறு பெரிய பேச்சு.)

அப்புறம் பாட்டியின் தங்கை. குடும்பத்தில் யாரும் அதிகம் பேசாத சின்னப் பாட்டி. வயதான உறவினர் ஒருவரிடம் துருவித் துருவிக் கேட்டதில், 39 வயதில் பேச்சு குழறி, நடக்க முடியாமல் போய், மூளைக் காய்ச்சல் என்று சொல்லி இறந்திருக்கிறார். பிள்ளை கிடையாது. அறுபது வருடத்துக்கு முந்தைய சங்கதி. அந்த நோயேதான் என்று இன்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அதுதான் என்றால், இரண்டு தலைமுறைக்கு முன்பே 39-ல் வந்திருக்கிறது, அண்ணனின் 41-க்கும் முன்னால். பதிவேடு திறப்பதற்கு முன், பிள்ளையில்லாமல், வேறு பெயரில். பென்ரோஸ் சொன்ன எல்லா ஓட்டையிலும் ஒருசேர விழுந்து மறைந்துபோனவர்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த ஒரு குடும்பத்தின் ஏழெட்டுப் பேரை வைத்து நானும் எதையும் நிரூபித்துவிடவில்லை. இந்தக் குடும்பம் என்னிடம் வந்ததே அண்ணனுக்கு 41-ல் வந்ததால்தான். அவருக்கு 75-ல் வந்திருந்தால் தோழி நோட்டைக் கிழித்துக் கணக்குப் போட்டிருக்க மாட்டாள். எனக்குக் கிடைத்த மாதிரியே சாய்ந்த மாதிரி.

இதையெல்லாம் அவளிடம் போனில் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்போ 19 இல்லைன்னு சொல்றியா?"

"19-னு சொல்ல எந்தக் காரணமும் இல்லைன்னு சொல்றேன்."

"எனக்கு?"

"உனக்கும் அதேதான். அண்ணனுக்கு 41-ங்கிறதால உனக்கு 41-னு இல்லை. மாமா மாதிரியும் இருக்கலாம். சின்னப் பாட்டி மாதிரியும் இருக்கலாம்."

"இது ஆறுதலா?"

இல்லை என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. அவள் சிரித்தாள், ரொம்ப நாளைக்குப் பிறகு. மகளுக்கு மறுநாள் பள்ளியில் ஏதோ படம் வரைய வேண்டுமாம், சார்ட் பேப்பர் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

போன வாரம் மறுபடி ஒரு படம் அனுப்பினாள். அதே குடும்ப மரம். பெரிய மாமாவின் கட்டத்தில் 78-ஐ ரப்பரால் அழித்து 79 என்று எழுதியிருந்தாள், பக்கத்தில் மேல்நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி. பிறந்த நாளாம்.